பீரோவைத் திறந்து வையுங்கள்

எல்கேஜி வகுப்பில் நாலு வயதுக் குழந்தை ஒன்று படப்புத்தகத்தை மடியில் விரித்து, யானையைத் தொட்டுத் தொட்டுத் தனக்குத் தானே கதை சொல்லிக்கொண்டிருக்கிறது. எழுத்தே தெரியாத பிள்ளையின் விளையாட்டு என்று நாம் கடந்து போகிறோம். அதுதான் வாசிப்பின் முதல் படி. மழலையர் வகுப்பு ஒவ்வொன்றும் அதற்கு நாள்தோறும் நேரம் ஒதுக்கியாக வேண்டும்.

தமிழில் எழுத்துகள் 247. அவற்றை முடித்த பிறகே கதைப் புத்தகம் என்ற எண்ணம் நம் வகுப்பறைகளில் ஊறிக் கிடக்கிறது. அதற்குள், புத்தகம் என்றாலே எழுத்துக்கூட்டித் திட்டு வாங்கும் பொருள் என்று குழந்தை முடிவுகட்டிவிடுகிறது. ஆனால் புத்தகத்தை நேராகப் பிடிப்பதும், இடமிருந்து வலம் போவதும், படத்தைப் பார்த்து அடுத்து நடப்பதை ஊகிப்பதும் எழுத்துக்கு முன்பே கைவருபவை. தமிழ்க் குழந்தைக்கு இன்னொரு தேவையும் உண்டு. வீட்டில் "நாய் வந்துச்சு" என்று கேட்ட காதுக்கு, புத்தகத்தின் "நாய் வந்தது" புதிது. யாராவது வாசித்துக் காட்டினால்தான் அந்த நடை பழகும்.

வழி எளிது. ஆசிரியர் ஒரு கதையை வாசித்துக் காட்டி, அன்றே அந்தப் புத்தகத்தைக் குழந்தையின் கைக்கு எட்டும் இடத்தில் வைக்கட்டும். கேட்ட கதை என்பதால் குழந்தை துணையின்றி எடுக்கும். திரும்பத் திரும்பப் புரட்டும். ஒருநாள் அதில் ஒரு சொல்லை அடையாளம் காணும். தினமும் 15 நிமிடம் போதும். கேள்வியும் வேண்டாம், மதிப்பெண்ணும் வேண்டாம்.

புத்தகம் இருந்தும் அது பீரோவுக்குள் கிடப்பதுதான் பல இடங்களில் சிக்கல். கிழிந்தால், இருப்புப் பதிவேட்டுக்கு ஆசிரியர் பதில் சொல்ல வேண்டுமே என்ற அச்சம். சாக்பீஸ் தேய்ந்துவிடும் என்று யாரும் பூட்டி வைப்பதில்லை. படப்புத்தகத்தையும் தேய்மானப் பொருளாக அரசு அறிவிக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் 2019-இல் அரசுப் பள்ளி வளாக அங்கன்வாடிகளில் எல்கேஜி, யுகேஜி வகுப்புகள் தொடங்கின. 2022-இல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டம் ஒன்றாம் வகுப்பிலிருந்துதான் தொடங்குகிறது. பள்ளிக் கல்வித்துறையின் வாசிப்பு இயக்கம் நூல்களை நுழை, நட, ஓடு, பற என நான்கு நிலையாக வகுத்தது. நுழைவதற்கு முன் 'தவழ்' என்றொரு நிலையை மழலையருக்காகச் சேர்க்க வேண்டும்.

எடை பார்ப்பது, சத்துணவு, பதிவேடு என அங்கன்வாடிப் பணியாளருக்கு வேலை ஏராளம் என்பது உண்மை. அதனால்தான் புத்தகத்தைக் கொண்டுசேர்க்கும் பொறுப்பைப் பொது நூலகத்துறை ஏற்க வேண்டும் என்கிறோம். சொத்துவரியோடு மக்கள் நூலக வரியும் கட்டுகிறார்கள். கிளை நூலகம் ஒவ்வொன்றும் பக்கத்து மழலையர் வகுப்புகளுக்கு மாதம் ஒரு பெட்டி படப்புத்தகம் மாற்றித் தரலாம். பிரதம் புக்ஸின் 'ஸ்டோரிவீவர்' தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசமாகவே கிடைக்கின்றன.

பெற்றோரும் "இன்னைக்கு என்ன எழுதினே?" என்பதோடு "எந்தப் புத்தகம் எடுத்தே?" என்றும் கேட்கட்டும். ஆய்வுக்கு வரும் அதிகாரி பதிவேட்டைப் புரட்டும் முன் புத்தகங்களைப் பார்க்கட்டும். ஓரம் மடங்கி, அழுக்கேறி, ஒட்டுப்போட்ட புத்தகங்கள் உள்ள வகுப்புக்கே முதல் பாராட்டு போகட்டும்.