லோரி ஓட்டுறவருக்கும் ஒரு பரிவட்டம் கட்டுவோம்

 

திருவிழா நெருங்குது. பால்குடம், அன்னதானம், பூ அலங்காரம் எல்லாத்துக்கும் ஆள் சேர்ந்தாச்சு. ஆனா ஒரு விஷயம் மட்டும் யாரும் பேசாம இருக்கோம். ரத ஊர்வலத்துல அந்தப் பழைய லோரியை யார் ஓட்டுறது? தொண்டர்கள் நாங்கள் மனசுல பட்டதைச் சொல்றோம். நீளமா இருக்கும், பொறுமையா படிங்க.

போன வருஷம் மேட்டுல நடந்தது பலருக்குத் தெரியாது. வீட்டு வாசல்ல அர்ச்சனைக்காக ரதம் நின்னுச்சு. அன்னிக்கு ஓட்டின தம்பி, பெரிய கியர் ஒண்ணுல இருக்கிறதைப் பார்த்துட்டு எஞ்சினை அடைச்சுட்டு இறங்கிட்டாரு. கைப் பிரேக் பழசு, சரியா பிடிக்கல. லோரி மெதுவா பின்னாடி நகர ஆரம்பிச்சிருச்சு. பின்னால பால்குடத்தோட நம்ம அம்மாமார்கள். பழைய மர லோரி ஓட்டுநரான ஒரு தாத்தா ஓடிவந்து சக்கரத்துக்குக் கட்டையைப் போட்டாரு. நாலடியில நின்னுச்சு. முருகன் காப்பாத்தினான்னு எல்லாரும் கும்பிட்டோம். உண்மைதான். ஆனா முருகன் அந்தத் தாத்தா கையாலதான் காப்பாத்தினான்.

கியர் ஒண்ணுல இருந்தும் லோரி ஏன் உருண்டுச்சு? அந்த லோரியில கியர் தடி ரெண்டு. முன்னால பெரிய பெட்டி, நாலு கியர். அதுக்குப் பின்னால சின்னப் பெட்டி, வேகம், மெதுவு என்று ரெண்டு. நாலை ரெண்டால பெருக்கினா எட்டு. எஞ்சின் சக்தி பெரிய பெட்டி, சின்னப் பெட்டி ரெண்டையும் தாண்டித்தான் சக்கரத்துக்குப் போகும். சங்கிலி மாதிரி. ஒரு கண்ணி விட்டாலும் சங்கிலி அறுந்த கணக்கு. சின்னத் தடி நடுவுல, அதாவது நியூட்ரல்ல நின்னா, பெரிய தடி எந்தக் கியர்ல இருந்தாலும் சக்கரம் சும்மா சுத்தும். அன்னிக்கு நடந்தது அதுதான். தம்பி மேல தப்பு சொல்ல மாட்டோம். அவருக்கு யாரும் சொல்லித் தரல. சொல்லித் தராம சாவியைக் கொடுத்த நம்ம எல்லார் மேலயும்தான் தப்பு.

இந்த ரெண்டு தடி ஏதோ நம்ம ஊர் ஒட்டுவேலை இல்லீங்க. அமெரிக்காவில் மேக் கம்பெனி அஞ்சையும் நாலையும் பெருக்கி 20 கியர் வரை வைத்தது. இரண்டாம் உலகப்போரில் பீரங்கி இழுத்த பிரிட்டனின் ஏஇசி மேட்டடோர் லோரிக்கும் நாலு கியர், கூட ரெண்டு நிலை உள்ள துணைப்பெட்டி. போருக்குப் பிறகு அது அங்கே மரம் இழுக்கப் போனது. நம்ம நாட்டுக் காடுகளிலும் பட்டாளம் கழித்த லோரிகளை மாற்றிக் கட்டித்தான் மரம் இறக்கினார்கள். சீனர்கள் அதை 'சான் தாய் வோங்' என்றார்கள், மலைக்கு ராஜா என்று அர்த்தம். மலாய்க்காரர்கள் 'லோரி ஹந்து', பேய் லோரி என்றார்கள். பெக்கோக் பக்கத்துக் காட்டுப் பாதையில ஓட்டிப் பழகின கைகள் இன்னும் நம்ம கோயில் திண்ணையில உட்கார்ந்திருக்கு. நாமதான் கேட்கிறதில்ல.

சின்னத் தடி எதுக்கு என்று ஒரு கணக்கு போட்டுப் பாருங்க. பெரிய பெட்டியின் முதல் கியர் 5 மடங்கு குறைக்குது, சின்னப் பெட்டியின் மெதுவு நிலை 2 மடங்கு, பின் அச்சு 6 மடங்கு என்று வைப்போம். மொத்தம் 60. எஞ்சின் நிமிடத்துக்கு 1,000 சுற்று ஓடினா சக்கரம் 16, 17 தடவைதான் சுத்தும். டயரின் சுற்றளவு 3 மீட்டர் என்றால் மணிக்கு ஏறக்குறைய 3 கிலோமீட்டர். கைக்குழந்தையோட நடக்கிற தாய்க்குச் சரியான வேகம். சின்னத் தடியை வேக நிலையில விட்டா அதுவே 6 ஆகும். முன்னால போறவங்க ஓடணும், இல்லேன்னா ஓட்டுறவர் கிளட்சைப் பாதி மிதிச்சுக்கிட்டே வரணும். கிளட்ச் தட்டு கருகும். இறக்கத்துல பிரேக்கையே மிதிச்சுக்கிட்டு வந்தா டிரம் சூடேறி, பிடிப்பு குறைஞ்சிடும்.

இன்னொண்ணு. பழைய பெட்டியில கியர் தானா பொருந்தாது. கிளட்சை மிதிச்சு நடுவுக்கு எடுத்து, விட்டு, எஞ்சின் வேகத்தைச் சரிபண்ணி, மறுபடி மிதிச்சுப் போடணும். இறக்கத்துல மாத்தப் போய் தவறினா கறகறன்னு சத்தம்தான் வரும், கியர் விழாது. லோரி தன்னிஷ்டத்துக்கு உருளும். அதனாலதான் பெரியவங்க, இறக்கத்துக்கு முன்னாடியே நிறுத்தி, ரெண்டு தடியையும் மெதுவுல போட்டு, கீழே போய்ச் சேரும் வரை தொடாதேன்னு சொல்றாங்க.

"ரொம்ப வருஷமா ஒண்ணும் ஆகலியே, கடவுள் பார்த்துக்குவார்" என்று சில அண்ணன்மார் சொல்றாங்க. திருவாரூர் ஆழித்தேரை விடவா? தியாகராஜர் தேரு. அதுக்கே ஹைட்ராலிக் பிரேக் வெச்சிருக்காங்க. முட்டுக்கட்டை போட தனி ஆட்கள் கூடவே நடக்கிறாங்க. பக்தி குறைஞ்சா வெச்சாங்க? வடம் பிடிக்கிறவங்க உயிரும் சாமி கொடுத்ததுன்னு தெரிஞ்சதால வெச்சாங்க.

"பழைய லோரியை வித்துட்டு புதுசு வாங்கலாமே" என்பதும் நியாயமான பேச்சுதான். வாங்கலாம், பணம் சேரட்டும். அதுவரைக்கும் இந்த லோரிதான் ரதம் இழுக்கப் போகுது. புதுசு வந்தாலும் கட்டையும் வேணும், பழகின கையும் வேணும்.

நன்கொடை கொடுத்தவர் வீட்டுப் பிள்ளை ஓட்டுநர் இருக்கையில உட்கார்ந்து படம் பிடிக்க ஆசைப்படுறது புரியுது. ரதம் கொட்டகையில நிக்கும்போது தாராளமா பிடிங்க. ஆனா ஊர்வலத்துல அந்த இருக்கை மரியாதைக்குக் கொடுக்கிற இடம் இல்ல. ஆட்டோமேட்டிக் காருக்கான டிஏ லைசென்ஸ் பத்தாது. கனரக லைசென்ஸ் இருந்தாலும் ரெண்டு தடி பழகாதவர் ஏற வேண்டாம்.

நிர்வாகத்துக்கும் உங்களுக்கும் எங்கள் வேண்டுகோள் இதுதான்:

1. ஊர்வலத்தில் ஓட்ட இரண்டே பேர். பெயரை முன்கூட்டியே அறிவிக்கணும். சாவி வேற யார் கைக்கும் போகக்கூடாது.

2. ரதம் நின்னதும் முதல்ல சக்கரத்துக்குக் கட்டை, அப்புறம் ரெண்டு தடியும் கியர்ல, கைப் பிரேக், கடைசியா எஞ்சின். கட்டைக்கு இரண்டு பேர் கூடவே நடக்கணும்.

3. கனரக லைசென்ஸ் உள்ள தம்பி தங்கச்சிங்க ஞாயிறு காலையில வாங்க. கோயில் திடல்ல பெரியவங்க உட்கார்ந்து சொல்லித் தர ஒத்துக்கிட்டாங்க. அவங்களுக்கும் வயசாகுது. இன்னும் எத்தனை திருவிழா அவங்க ஓடிவந்து கட்டை போட முடியும்?

கடைசியா ஓர் ஆசை. தலைவருக்கும் உபயக்காரருக்கும் பரிவட்டம் கட்டுற அன்னிக்கு, லோரி ஓட்டுறவருக்கும் கட்டை போடுறவருக்கும் ஒண்ணு கட்டுவோம். சாமியைப் பத்திரமா வீதி சுத்தி வீட்டுக்குக் கூட்டிட்டு வர்றவங்க அவங்கதானே.

தவறா ஏதும் சொல்லியிருந்தா மன்னிச்சிடுங்க. முருகா சரணம்.

உங்கள் கோயில் தொண்டர்கள், சாஆ