வேலை நீக்கமும் நல்லெண்ணமும்

ஆட்களை வேலையிலிருந்து நிறுத்துகிற முதலாளிமார்களும் சரி, சர்க்காரும் சரி, நிறுத்தின பிறகும் அவர்களுடைய நல்லெண்ணம் தங்களுக்கு இருக்க வேண்டுமென்று ஆசைப்படுகிறார்கள். ஆசைப்படுவதை நாம் குற்றம் சொல்ல வரவில்லை. அதற்கு அவர்கள் என்ன விலை கொடுக்கிறார்கள் என்றுதான் கேட்கிறோம்.

மக்கள் நலப் பணியாளர்கள் சங்கதியை எடுத்துக்கொள்ளுவோம். முதலில் ஒரு கக்ஷி சர்க்கார் இவர்களைக் கிராமப் பஞ்சாயத்து வேலைகளுக்கென்று நியமித்தது. 1991ல் மறு கக்ஷி வந்து நீக்கிற்று. 1997ல் சேர்த்தார்கள், 2001ல் நீக்கினார்கள். 2006ல் மறுபடியும் சேர்த்தார்கள்; 2011 நவம்பரில் 13,000 பேருக்கு மேல் மறுபடியும் வெளியே தள்ளினார்கள். இவன் திருடினான், இவன் வேலைக்கு வரவில்லை என்று தனித்தனியே விசாரித்து நீக்கியதா? இல்லை. உத்தியோகத்தையே ஒழித்தோம் என்று ஒரே உத்தரவில் தீர்த்தார்கள். யார் ஆட்சியில் சேர்ந்தான் என்பதே அவன் செய்த குற்றம்!

2022ல் மறுபடி அழைப்பு வந்தது. பழைய உத்தியோகத்துக்கு அல்ல. நூறு நாள் வேலைத் திட்டத்தில் மாதம் 7,500 ரூபாய்க்கு ஒருங்கிணைப்பாளராக. 2023ல் சுப்ரீம் கோர்ட்டும் இந்த ஏற்பாட்டை ஒப்புக்கொண்டது. முதல் தடவையே இருபத்தைந்து வயதில் சேர்ந்தவனுக்கு அப்போது ஐம்பத்தைந்து வயதுக்கு மேல். அவன் சந்தோஷப்பட வேண்டுமாம்!

வேலை போனால் நம்மவர்கள் முதலில் ஓடுவது சோதிடன் வீட்டுக்கு. அவனும் ஏழரைச் சனி என்று சொல்லி, எள் விளக்குக்கும் தனக்குமாகக் காசு வாங்கிக்கொள்ளுகிறான். தோழர்களே, சனி பகவானா கோட்டையில் உட்கார்ந்து உத்தரவில் கையெழுத்துப் போடுகிறார்? கையெழுத்துப் போட்டவன் மனிதன். அவனைப் போய்க் கேட்க வேண்டியதை நவக்கிரகத்தைச் சுற்றி வந்து கேட்டால் யார் பதில் சொல்லுவார்?

காளவாசல் என்றால் செங்கல் சூளை என்பது நம் வாசகர்களுக்குத் தெரியும். மழை பிடித்துக்கொண்டால் சூளை நின்றுவிடும், ஆளும் நிற்பான். அப்போது முன்பணம் கொடுத்து வைக்கிற முதலாளி அதைத் தன் தயாள குணம் என்று சொல்லிக்கொள்ளுவதுண்டு. கடனாக எழுதி, அடுத்த பருவம் முழுதும் குடும்பத்தோடு கட்டிப்போடுகிற கயிற்றுக்கு நல்லெண்ணம் என்று பேர் வைப்பதை நாம் ஒப்புக்கொள்ள முடியாது.

2025ல் வேறு சட்டம் வரும்வரை அமலில் இருந்த 1947ம் வருஷத்துத் தொழில் தகராறுச் சட்டத்தில் 1953ல் சேர்த்த பகுதி என்ன சொல்லிற்று என்று பாருங்கள். ஒரு வருஷமாவது தொடர்ந்து வேலை செய்த தொழிலாளியை ஆட்குறைப்பில் நிறுத்தினால் ஒரு மாத அறிவிப்பு, வருஷத்துக்குப் பதினைந்து நாள் சராசரிச் சம்பளம். கடைசியாகச் சேர்ந்தவனை முதலில் நிறுத்துவது. திரும்ப ஆள் எடுக்கும்போது நின்றவனுக்கே முதல் இடம். இதில் தயவு, தாட்சண்யம் ஒன்றும் இல்லை; கணக்கு. நின்றவன் வயிறெரியாமல் இருப்பதற்கு இந்தக் கணக்குச் செய்கிற வேலையை மாலை போட்டு வழியனுப்புகிற உபசாரம் செய்துவிடாது.

இன்னொன்றும் உண்டு. தரம் இறக்கப்பட்டவனை, நேற்றுவரை அவனுக்குக் கீழே இருந்தவர்கள் எதிரில் ஏகவசனத்தில் கூப்பிடுகிற மேஸ்திரிகளையும் மானேஜர்களையும் நாம் அறிவோம். சம்பளம் குறைந்தால் மரியாதையும் குறைய வேண்டுமென்று எந்த உத்தரவில் எழுதியிருக்கிறது? நிறுத்துகிற காரணத்தை எழுத்தில் கொடுக்கட்டும். பாக்கியை அன்றைக்கே தீர்க்கட்டும். வேலை செய்ததற்கு நற்சான்று எழுதிக் கொடுக்கட்டும். அதன் பிறகு அவனுடைய நல்லெண்ணத்தைப் பற்றி நம்மிடம் பேச வரட்டும்.