கரைக்கு வந்த கருவிகள்





1997 ஜனவரி 14. காலை எட்டு மணிக்குச் சற்று முன்பு, வடகேரளத்தின் வடகரைக் கடற்கரையில் 11 மீனவர்கள் தாங்கள் பிடித்து வந்த மத்தியை வாங்க ஆளில்லாமல் கடலிலேயே கொட்டினார்கள். அதே நேரத்தில், 15 கிலோமீட்டருக்குள் இருக்கும் சோம்பாலாவிலும் கொயிலாண்டியிலும் 27 வியாபாரிகள் மீன் கிடைக்காமல் வெறுங்கையோடு கிளம்பிக்கொண்டிருந்தார்கள். கொட்டியவருக்கு அங்கே ஆள் நிற்பது தெரியாது. நின்றவருக்கு இங்கே மீன் வீணாவது தெரியாது.

இதைப் பதிவு செய்தவர் ராபர்ட் ஜென்சன் என்ற அமெரிக்கப் பொருளியலாளர். 1996 முதல் 2001 வரை கோழிக்கோடு, கண்ணூர், காசர்கோடு மாவட்டங்களில் 15 கடற்கரைச் சந்தைகளில் வாரந்தோறும் கணக்கெடுத்து நடந்த ஆய்வு அது. அந்த ஆண்டுகளில்தான் அந்தக் கரைக்குக் கைப்பேசி வந்தது: 1997இல் கோழிக்கோட்டுக்கு, 1998இல் கண்ணூருக்கு, 2000இல் காசர்கோட்டுக்கு. கோபுரங்கள் கரையோரம் நின்றதால் சிக்னல் கடலுக்குள்ளும் 20, 25 கிலோமீட்டர் எட்டியது. மத்தி பெரும்பாலும் கிடைப்பதும் அந்தத் தூரத்துக்குள்தான். படகில் இருந்தபடியே நாலு கரைக்குப் பேசி, விலை இருக்கும் பக்கம் படகைத் திருப்பினார்கள். பிடித்ததில் நூற்றுக்கு ஐந்து முதல் எட்டு பங்கு வரை வீணாகிக்கொண்டிருந்தது. அது ஏறக்குறைய நின்றே போனது. கரைக்குக் கரை தாறுமாறாக இருந்த விலை ஒன்றையொன்று நெருங்கியது. மீனவரின் லாபம் 8 சதவீதம் கூடியது. வாங்கிச் சமைப்பவர் கொடுத்த விலை 4 சதவீதம் குறைந்தது. மூன்று மாவட்டங்களுக்கும் கைப்பேசி வெவ்வேறு காலத்தில் வந்ததால், வந்த கரையையும் வராத கரையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிந்தது. அதனால்தான் 2007இல் வெளியான இந்த ஆய்வை இன்றுவரை உலகமெங்கும் எடுத்துக்காட்டுகிறார்கள்.

இந்த இதழின் சிறப்புப் பகுதி, தொழில்நுட்பம் மனித வாழ்வை மாற்றும் விதத்தைப் பொருளியலும் சட்டமும் உளவியலும் எப்படி ஆராய்கின்றன என்பதைப் பற்றியது. அதற்கு முன்னுரை எழுத நான் கடலுக்குப் போனதற்குக் காரணம் உண்டு. கடல்தொழிலில் ஒரு புதுக் கருவி வந்தால் அதன் விளைவு வெகுசீக்கிரம் கரையேறிவிடும். ஏலத்தில் தெரியும், ஊர்க்கூட்டத்தில் தெரியும், வீட்டு அடுப்பில் தெரியும். ஆனால் ஆய்வாளர்கள் ஏலத்தைத் தனியாக, ஊர்க்கூட்டத்தைத் தனியாக, மனத்தைத் தனியாக எழுதிவைத்திருக்கிறார்கள். மூன்றையும் சேர்த்துப் படித்தால்தான் கரை முழுதாகத் தெரிகிறது என்பது என் எண்ணம்.

மத்திக் கதையையே எடுத்துக்கொள்வோம். விலை தெரிந்தால் விற்கும் இடத்தை மாற்றலாம் என்பது சுதந்திரமாக விற்கக்கூடியவருக்குப் பொருந்தும். படகுக்கும் வலைக்கும் எஞ்சினுக்கும் ஏலக்காரரிடம் முன்பணம் வாங்கியவர் எந்தக் கரையில் எவ்வளவு விலை போனாலும் அந்த ஏலக்காரர் வழியாகத்தான் விற்றாக வேண்டும். ஜானகி ஸ்ரீனிவாசன், ஜென்னா பரெல் என்ற இரு ஆய்வாளர்கள் பின்னாளில் கேரளக் கரைக்குப் போய் மீனவர்களிடம் பேசி, 2013இல் இதைத்தான் எழுதினார்கள். எந்த வகைப் படகு, யாரிடம் கடன், ஏலக்காரரோடு எத்தனை காலப் பழக்கம் என்பதைப் பொறுத்தே கைப்பேசியின் பயன் அமைகிறது. ஜென்சனின் கணக்கை இது பொய்யாக்கவில்லை. அந்தக் கணக்குக்குள் வராத ஒரு கயிற்றைக் காட்டுகிறது.

நம் பக்கத்துக் கரையிலும் ஒரு நல்ல ஆய்வு நடந்திருக்கிறது. தமிழ்நாட்டு மீனவக் கிராமம் ஒன்று கட்டுமரத்திலிருந்து ஃபைபர் படகுக்கு மாறிய கதையை சேவியர் ஜினே, ஸ்டெஃபான் குளோனர் என்ற பொருளியலாளர்கள் பின்தொடர்ந்தார்கள். ஓரளவு சொத்து இருந்தவர்கள் முதலில் மாறினார்கள். இல்லாதவர்கள் பின்தங்கினார்கள். ஊருக்குள் ஏற்றத்தாழ்வு முதலில் கூடி, எல்லோரும் மாறிய பிறகே குறைந்தது. ஏழைகளின் கையில் தொடக்கத்திலேயே பணம் கிடைக்க வழி செய்திருந்தால் வளர்ச்சியும் வேகமாகும், அந்த இடைக்காலமும் சுருங்கும் என்பது அவர்கள் முடிவு. அந்த இடைக்காலம் என்பது ஒரு குடும்பத்துக்கு ஒரு பிள்ளையின் படிப்புக் காலமாக இருக்கலாம். வரைபடத்தில் ஒரு வளைவாகத் தெரிவதை நாம் அப்படித்தான் வாசிக்க வேண்டும்.

சட்டத்தின் கதை இழுவைமடியிலிருந்து தொடங்குகிறது. கொல்லத்துக்குப் பக்கத்தில் நீண்டகரையில் 1953இல் இந்திய–நார்வே கூட்டுத் திட்டம் வந்தது. நாட்டுப்படகு மீனவர்களின் வாழ்வை உயர்த்துவதே அதன் நோக்கம். அறுபதுகளில் இறாலுக்கு வெளிநாட்டில் நல்ல விலை கிடைக்கத் தொடங்கியதும், கடல்தரையை வாரி இழுக்கும் இழுவைமடி விசைப்படகுகள் பெருகின. அவற்றில் பல, கடலுக்கே போகாத முதலாளிகளுடையவை. கரையோரத்தில் நாட்டுப்படகுக்காரர்கள் விரித்திருந்த வலைகள் அறுந்தன. எழுபதுகளில் கோவாவிலும் கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் கடலில் மோதல்கள் நடந்தன, படகுகள் எரிந்தன, உயிர்களும் போயின. அதன் பிறகுதான் சட்டம் வந்தது. கேரளத்தில் 1980இல், தமிழ்நாட்டில் 1983இல் கடல் மீன்பிடி ஒழுங்குபடுத்தும் சட்டங்கள் இயற்றப்பட்டன. தமிழ்நாட்டில் கரையிலிருந்து 3 கடல் மைல் வரை நாட்டுப்படகுக்கு என்றானது. கருவி வந்து ஏறக்குறைய கால் நூற்றாண்டு கழித்து விதி வந்தது. இடையில் போன உயிர்களை எந்தச் சட்டப் பிரிவாலும் திருப்பித் தர முடியாது.

ஆனாலும் சட்டம் சில நேரம் நெஞ்சை நிமிர்த்திப் பேசியிருக்கிறது. கேரள அரசு சுருக்குமடி போன்ற வலைகளைக் கரையோரக் கடலில் தடை செய்தபோது, தொழில் செய்யும் உரிமை பறிபோகிறது என்று வழக்கு வந்தது. 1993இல் உச்ச நீதிமன்றம் தடையை உறுதி செய்தது. பாரம்பரிய மீனவர்களின் பிழைப்பைக் காப்பதும் பொதுநலன்தான் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். கருவி வைத்திருப்பவரின் உரிமையையும் கருவி இல்லாதவரின் வயிற்றையும் ஒரே தராசில் வைத்துப் பார்த்த அந்தத் தீர்ப்பைச் சட்டம் படிக்கும் ஒவ்வொரு மாணவரும் வாசிக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

அரசுச் சட்டம் வருவதற்கு முன்பே கரையில் வேறொரு சட்டம் இருந்தது. சோழமண்டலக் கரையில் ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து 2001இல் நூல் வெளியிட்ட டச்சு அறிஞர் மார்ட்டன் பாவிங்க், மீனவ ஊர்ப் பஞ்சாயத்துகள் புதிய வலைகளைப் பற்றி எப்படி முடிவெடுத்தன என்று விரிவாக எழுதியிருக்கிறார். ஒரு வலை வந்தால் அது மீன்வளத்தைக் கெடுக்குமா, மற்றவர் தொழிலைக் கெடுக்குமா, ஊரின் ஒற்றுமையைக் கெடுக்குமா என்று கூடிப் பேசித் தடை போட்டிருக்கிறார்கள். எந்தப் பல்கலைக்கழகமும் சொல்லித்தராமலே நம் கடலோர ஊர்கள் பொருளையும் விதியையும் மனத்தையும் சேர்த்து யோசித்திருக்கின்றன. இதைப் படித்தபோது எனக்கு உண்டான பெருமையை மறைக்க விரும்பவில்லை.

உளவியலுக்கு வருவோம். பிரேசிலின் வடகிழக்கில் இரண்டு மீனவச் சமூகங்கள். ஒன்று ஏரிக்கரையில், அங்கே ஆள் தனியாகச் சிறு படகில் போய்ப் பிடிக்கிறார். மற்றொன்று கடற்கரையில், அலையும் காற்றும் பெரிது, படகும் பெரிது, பலர் சேர்ந்தால்தான் தொழில் நடக்கும். ஊரி நீஸி, ஆண்ட்ரியாஸ் லெய்பிராண்ட், ஜான் லிஸ்ட் ஆகியோர் இவர்களுக்கு ஒரு விளையாட்டு வைத்தார்கள். வாளிக்குள் பந்து எறிய வேண்டும். விழும் பந்துக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொள்ளலாம், அல்லது இன்னொருவரோடு போட்டியிட்டு ஜெயித்தால் மட்டும் அதிகம் பெறலாம். போட்டியைத் தேர்ந்தவர்கள் ஏரிக்காரர்களிடம் அதிகம். தொழிலில் ஆண்டுகள் கூடக் கூட இந்த வேறுபாடும் கூடியது. பொதுப்பணத்தில் பங்கு போடுவது, ஒருவரை ஒருவர் நம்புவது போன்ற சோதனைகளில் கடல்காரர்கள் முன்னே நின்றார்கள். பிறவிக் குணம் என்று நாம் நினைப்பதில் ஒரு பகுதியைத் தொழிலின் அமைப்பு உண்டாக்குகிறது.

இதை வைத்துக்கொண்டு நம் கரையைப் பார்க்கும்போது கேள்விகள் எழுகின்றன. கரைவலை இழுக்க ஊரே கூடும். கட்டுமரத்தில் படகுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, ஆளுக்கு ஒரு பங்கு என்று பிரியும். கோபுரத்தையும் மலையையும் குறிவைத்து மீன் இருக்கும் இடத்தை மனத்தில் வைத்திருந்த மூத்தவருக்கு ஒரு மதிப்பு இருந்தது. இப்போது அந்த இடம் ஜிபிஎஸ் கருவியில் எண்ணாக இருக்கிறது. அந்த மூத்தவருக்கும் இளையவருக்கும் இடையில் என்ன மாறியது? இதை யாராவது உட்கார்ந்து கேட்டு எழுத வேண்டும்.

மூன்று துறைகளும் பிரிந்து நிற்பதன் விலையைப் பாக் நீரிணையில் பார்க்கலாம். அங்கே கடல் குறுகலானது. கரையோரக் கடல் நாட்டுப்படகுக்கு. அதைத் தாண்டினால் கொஞ்ச தூரத்திலேயே 1974இல் இந்தியாவும் இலங்கையும் வகுத்த எல்லைக் கோடு. இடையில் இத்தனை விசைப்படகுகளுக்கு இடமும் இல்லை, மீனும் இல்லை. இலங்கையின் உள்நாட்டுப் போர்க்காலத்தில் அதன் வடபகுதி மீனவர்கள் கடலுக்குப் போக முடியாமல் முடங்கியிருந்தார்கள். இந்தப் பக்கத்து விசைப்படகுகள் அந்தக் கடலுக்குப் பழகின. 2009இல் போர் முடிந்த பிறகு வடபகுதி மீனவர்கள் கடன் வாங்கி வலை வாங்கித் தொழிலுக்குத் திரும்பியபோது, அந்த வலைகள் இழுவைமடியில் சிக்கி அறுந்தன. இரு கரையிலும் தமிழ் பேசும் மீனவர்கள்தான். 2017இல் இலங்கை இழுவைமடியைச் சட்டத்தால் தடை செய்தது. அதே ஆண்டு இந்திய அரசு, விசைப்படகுகளை ஆழ்கடல் சூரை மீன்பிடிப்புக்கு மாற்றும் திட்டத்தை அறிவித்தது. அப்போது ஒரு படகின் விலை 80 லட்சம் ரூபாய், அதில் 70 சதவீதம் மானியம்.

பொருளியல் கணக்குப்படி இது கைவிடக்கூடாத வாய்ப்பு. ஆனால் எதிர்பார்த்த அளவுக்குப் பேர் வரவில்லை. ராத்திரி போய் மறுநாள் காலை வீடு திரும்பும் தொழிலைச் செய்தவர் வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்க வேண்டும். புதிய தூண்டில் முறை பழக வேண்டும். மானியம் போக மீதியைக் கடனாகவும் கைப்பணமாகவும் திரட்ட வேண்டும். அவர் தலையில் பழைய கடன் ஏற்கெனவே இருக்கிறது. இங்கே தேவைப்பட்டது பணத்தோடு பயிற்சி, பயிற்சியோடு நம்பிக்கை, இரு கரை மீனவர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து வகுத்த கால அட்டவணை. வடக்கு இலங்கை மீனவரின் அறுந்த வலைக்கு நாம் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள். எல்லை தாண்டியதாக இலங்கையில் கைதானவரை ராமேஸ்வரத்தில் எதிர்பார்த்திருக்கும் குடும்பத்துக்கும் நாம் கடமைப்பட்டவர்கள். ஒன்றைச் சொல்ல இன்னொன்றை மறைக்க வேண்டியதில்லை.

இன்னொன்று. இந்த ஆய்வுகளில் பெண்கள் மிகக் குறைவாகவே வருகிறார்கள். பருத்தி நூல் போய் நைலான் வந்து, வலை பின்னும் இயந்திரமும் வந்தபோது, குமரிக் கரையில் வீட்டுத் திண்ணையில் வலை பின்னிய பெண்களின் வருமானம் போனது. அதற்காக எந்தத் தீர்ப்பும் வரவில்லை.

எனவே ஒரு வேண்டுகோள். நீங்கள் கடல்தொழிலில் இருந்தாலும், தறி, வயல், கடை, அலுவலகம் எங்கிருந்தாலும், உங்கள் தொழிலுக்கு வந்த ஒரு கருவியைப் பற்றி எங்களுக்கு எழுதுங்கள். அதை வாங்கப் பணம் எங்கிருந்து வந்தது, அது வந்த பிறகு என்ன விதி வந்தது அல்லது வராமல் போனது, உடன் வேலை செய்தவர்களோடு உங்கள் உறவில் என்ன மாறியது என்று மூன்றையும் எழுதுங்கள். பெண்கள் கட்டாயம் எழுதுங்கள். ராமேஸ்வரத்திலிருந்தும் மன்னார், யாழ்ப்பாணக் கரைகளிலிருந்தும் வரும் கடிதங்களை அடுத்தடுத்த பக்கங்களில் வெளியிடக் காத்திருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்