400 கிலோமீற்றர் தள்ளி விழுந்த மனிசன்

விண்வெளி வரலாறு கதைக்கிற ஆக்கள் ஸ்கொட் கார்ப்பென்ரரை இரண்டு வரியில் முடித்துவிடுவார்கள். பூமியைச் சுற்றிய இரண்டாவது அமெரிக்கர். எரிபொருளை வீணாக்கி, இறங்கவேண்டிய இடத்தைத் தவறவிட்டவர். இந்த இரண்டாவது வரியோடுதான் எங்களுக்குச் சண்டை.

1962 மே 24. அரோரா 7 ஓடத்தில் தனி ஆளாக மூன்று சுற்று. அவருக்கு முதல் போன ஜோன் கிளென், ஓடத்துக்கு வெளியே மின்மினி மாதிரி ஏதோ பறக்குது என்று சொல்லிவிட்டு வந்திருந்தார். என்னவென்று ஒருத்தருக்கும் தெரியாது. மூன்றாவது சுற்றில் கார்ப்பென்ரரின் கை தற்செயலாகக் கதவில் தட்டுப்பட்டது. மின்மினிகள் கிளம்பின. திரும்பத் தட்டினார், திரும்பவும் கிளம்பின. ஓடத்தின் வெளியே படிந்திருந்த உறைபனித் துகள்கள்! அவற்றைப் பார்க்க, படமெடுக்க ஓடத்தைத் திருப்பினார். எரிபொருளும் போனது, நேரமும் போனது.

இறங்குகிற நேரம் பார்த்து தன்னியக்கக் கருவி பிழையாக வேலை செய்தது. கையால் ஓட்டவேண்டி வந்தது. அந்த அவசரத்தில் இரண்டு கட்டுப்பாட்டு முறைகளையும் ஒன்றாக இயங்க விட்டுவிட்டார். ஓடம் 25 பாகை விலகி நிற்க, வேகம் குறைக்கும் ரொக்கெற்றுகள் 3 செக்கன் பிந்தி எரிந்தன. எரிந்தும் போதிய அளவு தள்ளவில்லை. குறித்த இடத்தில் இருந்து 400 கிலோமீற்றர் தள்ளிக் கடலில் விழுந்தார். தேடிப் போன ஆக்கள் காணேக்க, மனிசன் றப்பர் தெப்பத்தில் ஆறுதலாக இருக்கிறார்.

பிழை விட்டாரா? விட்டார். ஆனால் அந்தச் சின்னப் பயணத்துக்குள் பரிசோதனைகளைத் திணித்தது யார்? பழுதான கருவி யாருடையது? கட்டுப்பாட்டுத் தலைவர் கிறிஸ் கிராஃப்ற் இதையெல்லாம் விட்டுவிட்டு, இந்த ஆள் இனிப் பறக்கக்கூடாது என்று முடிவுகட்டினார். 2001 இல் வந்த நினைவுநூலில்கூட அவருக்கு மனம் இளகேல்லை. பார்க்க அனுப்பிவிட்டு, ஏன் பார்த்தாய் என்று கேட்கிற நியாயம் எங்களுக்கு விளங்கேல்லை.

இதைவிட ஆத்திரம், அடுத்து நடந்ததை அடிக்குறிப்பாக்குவது. 1964 இல் பெர்முடாவில் மோட்டார் சைக்கிள் விபத்தில் கை உடைந்தது. அடுத்த வருசமே கலிபோர்னியாவின் லா ஹோயாக் கரைக்கப்பால், 62 மீற்றர் ஆழத்தில், கடற்படையின் சீலாப் 2 வீட்டுக்குள் இறங்கினார். மற்ற ஆக்கள் 15 நாள். இவர் 30 நாள். அந்த அமுக்கத்தில் உடம்பு முழுக்க வாயு ஊறிவிடும். நினைத்தவுடன் மேலே வர ஏலாது, வந்தாலும் அமுக்கம் குறைக்கும் அறைக்குள் ஒரு நாளுக்கு மேல் கிடக்கவேணும். ஆபத்து எண்டால் விண்வெளியைவிடக் கிட்ட இருந்தும் தப்ப வழியில்லாத இடம். தேள்மீன் ஒன்று கையில் குத்தியும் விட்டது. ஹீலியம் கலந்த காற்றால் குரல் வாத்துக் குரலாகிப்போக, அந்தக் குரலிலேயே ஜனாதிபதி ஜோன்சனோடு ரெலிபோனில் கதைத்தார். ஒலிப்பதிவு இன்னும் இருக்கு, கட்டாயம் கேளுங்கோ. ஜெமினி 5 இல் பூமியைச் சுற்றிக்கொண்டிருந்த கோர்டன் கூப்பரோடும் கடலடியில் இருந்து கதைத்தார்.

விண்வெளிக்கும் போய், கடலடியிலும் வாழ்ந்த முதல் ஆள் இவர்தான். 1969 இல் சீலாப் 3 இல் சுழியோடி ஒருவர் இறக்க, திட்டத்தையே மூடிவிட்டார்கள். அதே வருசம் நிலவில் கால் வைத்ததை உலகம் கொண்டாடியது.

2013 இல், 88 வயதில் கார்ப்பென்ரர் காலமானார். அஞ்சலிக் குறிப்புகளிலும் அந்த 400 கிலோமீற்றர் இருந்தது.