சீனிக்குள் இருக்கும் வரி

"தோட்டத்துச் சனம் வரி கட்டுவதில்லை, சலுகை மட்டும் கேட்கிறது." இந்தப் பேச்சை டவுனில் நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். நம்மிலேயே சிலர் இதை நம்பவும் செய்கிறார்கள். போன கூட்டத்தில் ஓர் அக்கா, "நாங்க என்ன வரியா கட்டுறோம், கேள்வி கேக்க?" என்றார். அவருக்குச் சொன்ன பதில்தான் இது.

பிரட்டுக்குப் போகுமுன் குடிக்கும் தேத்தண்ணியிலேயே வரி இருக்கிறது. 2020 ஒக்டோபரில் இறக்குமதிச் சீனிக்கான விசேட பண்ட வரியை கிலோவுக்கு 50 ரூபாவிலிருந்து 25 சதமாகக் குறைத்தார்கள். கடை விலை அதற்கேற்ப இறங்கவில்லை. திறைசேரிக்குச் சுமார் 1,600 கோடி ரூபா நட்டம். இலாபம் இறக்குமதி செய்தவர்களுக்கு. 2023 நவம்பரில் அதே வரி ஒரே இரவில் மீண்டும் 50 ரூபாவானது. அப்போது மட்டும் விலை உடனே ஏறியது!

மாதம் ஐந்து கிலோ சீனி வாங்கும் வீடு இந்த 50 ரூபா கணக்கில் வருசத்துக்கு 3,000 ரூபா வரி கட்டுகிறது. 2024இல் வர்த்தமானியில் வந்த 1,350 ரூபா நாட்சம்பளத்தில் இது இரண்டு பேருக்கும் மேல். கொழும்பில் மாளிகை வைத்திருப்பவரும் கிலோவுக்கு அதே 50 ரூபாதான் கட்டுகிறார்.

சவர்க்காரம், பிள்ளையின் சப்பாத்து எல்லாவற்றிலும் வற் வரி 18 வீதம். 2019 கடைசியில் அதை 15இலிருந்து 8 வீதமாக்கினார்கள். கம்பெனிகளின் வருமான வரியையும் கூடவே குறைத்தார்கள். 2022இல் நாடு கடன் கட்ட முடியாமல் விழுந்தது. அந்தப் பள்ளத்தை நிரப்ப முதலில் நீட்டிய கை நம் சட்டைப்பைக்குள்தான் வந்தது. 2023இல் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பின் சுமையை வங்கிகளை விட்டுவிட்டு ஊழியர் சேமலாப நிதி போன்ற ஓய்வூதிய நிதிகள் மேல் ஏற்றியதையும் நாம் மறக்கவில்லை. அது நாம் கிழவராகும்போது சாப்பிட வைத்த காசு.

அரசாங்கத்துக்கு வரி வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்துக்கு ஆசிரியரும், தோட்ட ஆஸ்பத்திரிக்கு மருந்தும், லயத்துக்குப் பதில் காணியும் வீடும் வரிப் பணத்தில்தான் வரவேண்டும். யாரிடமிருந்து எடுப்பது என்பதே கேள்வி. 1959இல் இந்த நாட்டில் செல்வ வரி வந்தது, பிறகு எடுத்துவிட்டார்கள். அதைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லி வரவு செலவுத் திட்டத்துக்கு முன் மனுக் கொடுக்கிறோம்.

அதற்கு ஆதாரம் வேண்டும், தோழர்களே. இந்த மாதக் கடைச் சிட்டைகளை எறிந்துவிடாமல் உங்கள் தோட்டத் தலைவரிடம் கொடுங்கள். சீனி, சவர்க்காரம், கொப்பி வாங்கியதைக் கோடிட்டுக் காட்டினால் போதும். கணக்கைப் பிள்ளைகளை வைத்து நாங்கள் போட்டுக்கொள்கிறோம்.