எல்லைப்புறம் எங்கே இருந்தது?

முதல் மகா யுத்தத்தின்போது இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட பிரிட்டிஷ் மோட்டார் யந்திரத் துப்பாக்கிப் படைகளின் சரித்திரத்தை ஆராய்வதில் இங்கிலாந்தில் சிலர் வெகு சிரத்தை காட்டி வருகின்றனர். எந்தப் படை எந்த ஆண்டில் கப்பலேறியது, கைபர் கணவாயில் எத்தனை துப்பாக்கிகளுடன் நின்றது, அதில் இருந்தவர்களுக்கு எந்தப் பதக்கம் கிடைத்தது என்றெல்லாம் அவர்கள் தேடுகிறார்கள். தன் பாட்டனார் எங்கே போர் புரிந்தார் என்று அறிய விரும்பும் பேரனை நாம் குறை கூறப் போவதில்லை. ஆனால் இந்த ஆராய்ச்சியில் ஒரு பாதி இன்னும் சரிவரத் தொடப்படவில்லை. துப்பாக்கியைப் பிடித்திருந்தவரின் பெயரைத் தேடுகிறார்கள். அது யாரை நோக்கித் திருப்பப்பட்டது, அதற்கான பணத்தைக் கொடுத்தவர் யார் என்பவற்றைத் தேடுவோர் அரிதாகவே இருக்கின்றனர். அந்த மறு பாதியை எழுத வேண்டிய பொறுப்பு நம்முடையது. திருப்பூருக்கு அடுத்த முதலிபாளையத்தில் பின்னலாடைத் தொழில் கற்கும் மாணவருக்கும் அதில் பங்குண்டு என்பது நமது அபிப்பிராயம்.

வஜீரிஸ்தானத்துக்கும் முதலிபாளையத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நேயர்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான்.

முதலில் அந்த யந்திரத்தைப் பார்ப்போம். 1914 நவம்பரில் பிரிட்டிஷ் ராணுவத்தில் மோட்டார் யந்திரத் துப்பாக்கிப் படை என ஒன்று ஏற்படுத்தப்பட்டது. ஒவ்வொரு பாட்டரியிலும் பக்கவண்டி பூட்டிய 18 மோட்டார் சைக்கிள்களும் 6 விக்கர்ஸ் துப்பாக்கிகளும் இருந்தன. வுல்வர்ஹாம்ப்டன் நகரத்துக் கிளைனோ கம்பெனியாரின் வண்டிகள் இவ்வேலைக்குப் பெயர் பெற்றவை. விக்கர்ஸ் துப்பாக்கி நிமிஷத்துக்கு 450 முதல் 500 ரவைகள் வரை சுடும். அதற்கு ரவையை ஊட்டியது இரும்புச் சங்கிலியன்று. பருத்தி நூலால் நெய்த பட்டை! ஒரு பட்டையில் 250 ரவைகள்; சுமார் அரை நிமிஷத்தில் தீர்ந்துவிடும். பட்டை நனைந்தால் இறுகிக்கொள்ளும். துப்பாக்கி திக்கி நின்றுவிடும். நாடாவும் எலாஸ்டிக்கும் நெய்து ஊரெங்கும் அனுப்பும் திருப்பூர்க்காரருக்கு ஈரம் பட்ட நூலின் குணத்தை நாம் விளக்க வேண்டியதில்லை.

பிரான்ஸ் தேசத்தில் படைகள் பதுங்கு குழிகளில் இறங்கி எதிரெதிரே உட்கார்ந்துவிட்டபின், சேற்றில் மோட்டார் சைக்கிளுக்கு வேலையில்லாமல் போயிற்று. ஆகவே இப்படைகளில் சில வேறு தேசங்களுக்கு அனுப்பப்பட்டன. 1916 முதல் சில பாட்டரிகள் இந்தியாவில் வந்திறங்கி, வடமேற்கு எல்லைப்புறத்துக்குப் போயின. 1919 மே மாதம் மூன்றாவது ஆப்கன் யுத்தம் தொடங்கியபோது, யுத்தம் முடிந்ததென்று எண்ணித் தாய்நாடு திரும்பக் காத்திருந்த பிரிட்டிஷ் சிப்பாய்கள் பலர் இங்கேயே நிறுத்தி வைக்கப்பட்டனர். அவர்கள் மனம் கொதித்ததில் நியாயம் உண்டு. எல்லைப்புறச் சண்டைகளில் பெரும் பகுதியைச் சுமந்து மடிந்தவர்களோ இந்தியச் சிப்பாய்களே.

இவ்வளவுக்கும் பணம் எங்கிருந்து வந்தது? இந்தியாவிலிருந்த பிரிட்டிஷ் பட்டாளங்களின் சம்பளம் இந்திய வருமானத்திலிருந்தே கொடுக்கப்பட்டது. வஜீரிஸ்தான் படையெடுப்புகளின் செலவும் நம் தலையிலேயே விழுந்தது. மோட்டார் வண்டிக்குச் சாலை வேண்டும். ஆகவே 1920-க்குப் பின் மலைகளைக் குடைந்து சாலைகள் போடப்பட்டன. 1923-ல் ராஸ்மக்கில் நிரந்தரத் தண்டு இறக்கப்பட்டது. அதே 1923-ல் வரவு செலவுத் துண்டு விழுந்ததைச் சரிக்கட்ட உப்பு வரி மணங்குக்கு ஒன்றே கால் ரூபாயிலிருந்து இரண்டரை ரூபாயாக இரட்டிப்பாக்கப்பட்டது. சட்டசபை மறுத்தது. ரீடிங் பிரபு தமக்கிருந்த விசேஷ அதிகாரத்தைக் கொண்டு அவ்வரியை நிறைவேற்றிக்கொண்டார். இந்திய ஆலைத் துணிமீது 1896 முதல் நூற்றுக்கு மூன்றரை வீதம் எக்ஸைஸ் வரி இருந்து வந்ததும், 1925 டிசம்பரில்தான் அது நிறுத்தப்பட்டதும் ஜவுளித் தொழிலில் உள்ளவர்கள் மறக்கத் தக்கவையல்ல. கொங்கு நாட்டுக் குடியானவர் தம் கஞ்சியில் போட்ட உப்பிலிருந்து ஒரு பங்கு கைபருக்குப் போயிற்று என்றால் அது அலங்காரப் பேச்சன்று, கணக்கு.

இனி, அத்துப்பாக்கிகள் எல்லைப்புறத்தோடு நின்றனவா என்று பார்ப்போம்.

1919 ஏப்ரல் 13-ந் தேதி ஜெனரல் டயர் அமிர்தசரஸ் ஜாலியன்வாலா பாக்கிற்குச் சென்றபோது 90 சிப்பாய்களோடு யந்திரத் துப்பாக்கி பொருத்திய இரண்டு கவச மோட்டார்களையும் கொண்டு சென்றார். மைதானத்துக்குப் போகும் சந்து குறுகலாக இருந்தது. வண்டிகள் உள்ளே நுழைய முடியவில்லை, வெளியே நிறுத்தப்பட்டன. 50 ரைபிள்களைக் கொண்டே சுமார் பத்து நிமிஷத்தில் 1650 ரவைகள் சுடப்பட்டன. இறந்தவர் 379 பேர் என்றது சர்க்கார். ஆயிரத்துக்கும் மேல் என்றது காங்கிரஸ் விசாரணை. ஹண்டர் கமிட்டியின்முன் டயர் சாட்சி சொன்னபோது, சந்து அகலமாக இருந்திருந்தால் யந்திரத் துப்பாக்கிகளையும் பயன்படுத்தியிருப்பீரா என்று ஸர் சிமன்லால் செதல்வாட் கேட்டார். அநேகமாகப் பயன்படுத்தியிருப்பேன் என்ற கருத்திலேயே டயர் விடையளித்தார். அச்சந்தின் அகலம் எத்தனை உயிர்களைக் காத்தது என்பதை, நிமிஷத்துக்கு 500 ரவை என்ற கணக்கைக் கொண்டு நேயர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

இந்த டயர் யார்? 1916-ல் பாரசீக எல்லையில் படை நடத்தியவர். ஜாலியன்வாலா பாக் நடந்து ஏழு வாரங்கள் ஆனபோது, ஜூன் 1-ந் தேதி, ஆப்கானியரால் முற்றுகையிடப்பட்டிருந்த தல் கோட்டையை விடுவிக்கச் சென்ற படைக்கும் அவரே தலைவர். அமிர்தசரஸில் துப்பாக்கியின்றிக் கூடியிருந்த ஜனங்களும், தல் மலையில் பீரங்கியுடன் நின்ற பகைவரும் அவருடைய கைக்கு ஒன்றாகவே தோன்றியிருக்கிறார்கள். படைப்பிரிவுகளின் சரித்திரம் எழுதுவோர் ‘எல்லைப்புறச் சேவை’ என்று ஓர் அத்தியாயமும், ‘உள்நாட்டுப் பாதுகாப்பு’ என்று ஒரு சிறு பத்தியும் எழுதிப் பிரித்துவிடுவது வழக்கம். அந்தப் பிரிவினையைத்தான் நாம் ஒப்ப மறுக்கிறோம். ஆட்களும் யந்திரமும் பழக்கமும் ஒன்றே.

பெஷாவரில் 1930 ஏப்ரல் 23-ந் தேதி நடந்ததையும் இங்கே சொல்ல வேண்டும். கிஸ்ஸா கானி கடைத்தெருவில் கூடிய ஜனங்கள்மீது கவச மோட்டார்கள் ஓட்டப்பட்டன. பின் அவற்றிலிருந்தே சுடவும் பட்டது. அன்று சுட மறுத்த கார்வாலிச் சிப்பாய்களை தேசம் அறியும். அவர்களில் சந்திர சிங்குக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. விட்டல்பாய் படேல் தலைமையில் காங்கிரஸ் நடத்திய விசாரணையின் அறிக்கையை சர்க்கார் தடை செய்துவிட்டது. அக்காலத்தில் இந்தியாவுக்கென்றே செய்யப்பட்ட கிராஸ்லி கவச வண்டிகளில் குமிழ் போன்ற கூண்டும், வெயில் தாங்க உட்புறத்தில் கல்நார்த் தகடும் இருந்தன. ஜனங்கள் மேலேறாதபடி வெளிப்புறத்தில் மின்சாரம் பாய்ச்சவும் வசதி செய்யப்பட்டிருந்தது என்று அவ்வண்டிகளைப் பற்றி எழுதியவர்கள் குறிப்பிடுகின்றனர். பாறையின் மறைவிலிருந்து சுடும் வஜீரியா ஓடும் வண்டியில் ஏறப் போகிறார்? மின்சாரம் யாருக்காக வைக்கப்பட்டது என்பது வெளிப்படை.

அமிர்தசரஸும் பெஷாவரும் தூரத்து ஊர்கள் என்று சொல்வோருக்கு மலையாள ஜில்லாவை நினைவூட்டுகிறோம். இன்று கேரளத்தில் உள்ள அது, 1921-ல் நம்முடைய சென்னை ராஜதானியின் ஒரு ஜில்லா. கோயம்புத்தூருக்கு அண்டை ஜில்லா. அவ்வாண்டு ஆகஸ்டு 26-ந் தேதி லாரிகளிலும் சைக்கிள்களிலும் சென்ற லீன்ஸ்டர் பட்டாளத்தாரும் போலீஸாரும் பூக்கோட்டூரில் மாப்பிள்ளைமாரோடு மோதினர். யந்திரத் துப்பாக்கி முழங்கிற்று. நூற்றுக்கணக்கான மாப்பிள்ளைமார் மாண்டனர். அக்கலகத்தில் ஹிந்துக் குடும்பங்கள் பட்ட கொடுமைகளை நாம் மறைக்கவில்லை. அவற்றையும் ஒளிவு மறைவின்றி எழுத வேண்டும். நாம் சுட்ட விரும்புவது வேறு. கலகம் அடங்கியபின் சிப்பாய்களுக்கு வழங்கப்பட்டது இந்தியப் பொதுச் சேவைப் பதக்கம். அதன் நாடாவில் ‘மலபார் 1921-22’ என்று பொறித்த பட்டி. ‘ஆப்கானிஸ்தான் வடமேற்கு எல்லை 1919’ என்ற பட்டியும், ‘வஜீரிஸ்தான் 1919-21’ என்ற பட்டியும் தொங்கிய அதே பதக்கம்! நம் ராஜதானியின் தென்னந்தோப்பு ஜில்லா ஒன்று ராணுவக் கணக்கில் கைபரோடு ஒரே வரிசையில் வைக்கப்பட்டுவிட்டது.

சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் மலையாளத்துக்குச் சென்ற பட்டாள ரயில்கள் ஈரோடு, திருப்பூர், போத்தனூர் மார்க்கமாகவே போயிருக்க வேண்டும். வேறு இருப்புப் பாதை அன்று இல்லை. சர்க்கா சங்கத்தின் தமிழ்நாட்டுக் கிளை பின்னாளில் தலைமை ஸ்தலமாகக் கொண்டதும், 1932 ஜனவரியில் குமரன் கொடியோடு அடிபட்டு உயிர் நீத்ததுமான திருப்பூர் அந்த ரயில் பாதையில்தான் இருக்கிறது.

ஆராய்ச்சிக்கு ஆதாரம் இருக்கிறதா? பிரிட்டிஷ் பக்கத்திலேயே பெரும் நஷ்டம் நேர்ந்திருக்கிறது. யந்திரத் துப்பாக்கிப் படையின் தலைமைக் காரியாலயம் 1920-ல் ஷார்ன்கிளிப் முகாமில் தீக்கிரையானபோது ஏராளமான கட்டுகள் அழிந்தன. முதல் மகா யுத்தச் சிப்பாய்களின் சேவைப் பதிவுகளில் பாதிக்கு மேல் 1940 செப்டம்பரில் ஜெர்மானியக் குண்டுகளால் எரிந்தன. இவ்வளவுக்குப் பிறகும் பதக்கப் பட்டியல்களை வைத்து ஒவ்வொரு சிப்பாயின் பெயரையும் அவர்கள் மீட்டுக்கொண்டு வருகிறார்கள். அம்முயற்சியை மெச்சுகிறோம்.

நம் பக்கத்தில் பெயர்களைச் சேர்த்தவர் யார்? ஜாலியன்வாலா பாக்கில் 379 என்ற தொகையே அலகாபாத் சேவா சமிதித் தொண்டர்கள் வீடு வீடாகச் சென்று விசாரித்ததால் கிடைத்தது. சர்க்கார் தானாக எண்ணவில்லை. தொண்டர்கள் அன்று நடந்திராவிட்டால் அத்தொகையும் நமக்கு மிஞ்சியிராது.

ஆகவே நாம் கேட்பது இதுதான். எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலும் கோழிக்கோட்டு ஆவணக் காப்பகத்திலும் மலையாள ஜில்லாவைப் பற்றியுள்ள 1921-22-ம் ஆண்டுக் கட்டுகளுக்குத் தமிழில் ஓர் அட்டவணை வேண்டும். எந்த யந்திரத் துப்பாக்கி எந்த ஊருக்குப் போயிற்று, அங்கே இறந்தவர் யார், அவர் என்ன தொழில் செய்தார் என்று ஊர் ஊராக எழுத வேண்டும். சர்வகலாசாலைகள் இதற்கு முன்வர வேண்டும். வராவிட்டால் திருப்பூர் ஏற்றுமதி வியாபாரிகளை நாம் கேட்போம். இரண்டு மாணவர்களை ஓராண்டு எழும்பூரில் தங்கவைத்துச் சோறு போட்டுப் படிக்கவைக்கும் செலவு அவர்களுக்கு ஒரு பெரிய செலவா? முதலிபாளையத்துச் சிட்கோ பேட்டையிலிருந்து கடல் கடந்து போகும் பனியன் மூட்டைகளின் கணக்கை ஒன்றும் விடாமல் எழுதுகிறவர்கள் அவர்கள். இந்தக் கணக்கையும் எழுதிவைக்கத் தெரியாதவர்களல்லர்.

தொடங்குவதற்கு இடம் போத்தனூரே. 1921 நவம்பரில் திரூரில் காற்றுப் புகாத சரக்கு வண்டி ஒன்றில் அடைக்கப்பட்ட கைதிகள் சுமார் 100 பேர். அவ்வண்டி போத்தனூரில் திறக்கப்பட்டது. மூச்சுமுட்டி மாண்டவர் அறுபதுக்கும் மேற்பட்டோர். திரூரில் அவர்களுக்கு ஞாபக மண்டபம் இருக்கிறது. திருப்பூரிலிருந்து போத்தனூருக்கு ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரமே ஆகும்.