மோரும் கீரைத்தண்டும்

மூவாறு கூடும் திருமுக்கூடலில், 11-ஆம் நூற்றாண்டில் வீரராசேந்திர சோழன் காலத்தே 15 படுக்கைகளுடன் மருத்துவசாலை நடந்ததைக் கோயிற் கல்வெட்டு கூறுகிறது. அதன் மருந்துகளுள் கடுக்காய் கூட்டியவையும் உண்டு. கடுக்காய் மலச்சிக்கலை நீக்குவதை நாம் அறிவோம். ஆனால், அச்சிக்கல் வராமற் காப்பது அடுக்களையன்றோ?

அண்டையிலுள்ள காஞ்சியின் இட்டிலி புளித்த மாவில் ஆவதே, எளிதிற் செரிக்கும். எனினும், ஆவியில் வேகையில் நுண்ணுயிர்கள் மடிகின்றன. அவை உயிருடன் இருப்பது மோரிலும் பழையசோற்றிலுமே. இவற்றை வறுமையின் அடையாளமென்று நம் பிள்ளைகள் நாணும்படி செய்தோரும் நாமே!

குடலிற் குடியிருக்கும் நுண்ணுயிர்களுக்கு நாரே இரை. கீரைத்தண்டு, தோலுடன் பயறு, கேழ்வரகு இவற்றின் நாரிலிருந்து அவை ஆக்கும் அமிலங்கள் பெருங்குடலின் உட்சுவரைப் போற்றுகின்றன. பழகாதோர் சிறிது சிறிதாகக் கூட்டுக; இல்லையேல் வயிறு உப்பும். நீரும் மிகுதியாய்ப் பருகுக. பழையசோற்றை மட்டும் ஓரிரவுக்குமேல் வைக்கவேண்டாம்.